சிறுமூளையில் தசை

அவள் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தாள். ஜன்னலைப் பார்த்தாள். மறுபடியும் குனிந்தாள்.

கோடுகள் அங்கேயேதான் இருந்தன.

நீலப் புள்ளிகளாய் நெருக்கியடித்துக் கிடந்த புற்றணுக்களுக்கு நடுவே, இளஞ்சிவப்பில் நாடா நாடாவாகச் சில. ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய குறுக்குக் கோடுகள். தொடையிலோ புஜத்திலோ எடுத்த சதையில் இருக்க வேண்டியவை.

இது ஒரு குழந்தையின் சிறுமூளையிலிருந்து எடுத்த கட்டி.

டாக்டர் ஹெப்சிபா கண்ணாடித் தகட்டின் எண்ணைச் சரிபார்த்தாள். வேறு யாருடையதோ கலந்துபோயிருக்கட்டும் என்று இருந்தது அவளுக்கு.

கலக்கவில்லை. கோமதி, நான்கு வயது.

தசையில் மட்டும் பிடிக்கிற சாயத்தை ஏற்றித் தரச் சொன்னாள். மறுநாள் காலையில் தகடு வந்தது.

நாடாக்கள் சாயம் பிடித்துப் பழுப்பேறி நின்றன. முதலில் கண்ணில் பட்டதைவிட நிறைய.

அறுவை செய்த டாக்டர் மீரானைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“தசையா? மூளைக்குள்ளயா?”

“ஆமா சார். படிச்சிருக்கேன். இப்பதான் பாக்கறேன்.”

“நான் முழுசா எடுத்துட்டேனே, ஹெப்சிபா.”

பிறகு அவரே கேட்டார்.

“இப்படி வந்த பிள்ளைங்க என்ன ஆனாங்க?”

எங்கெங்கோ தேசங்களில் பதிவான குழந்தைகளைப் பற்றி அவள் தேடிப் படித்திருந்தாள். ஒவ்வொரு குழந்தைக்கும் சில வரிகள்தான். கட்டி திரும்பியது. முதுகுத்தண்டில் இறங்கியது. அதோடு பத்தி முடிந்துவிடுகிறது. ஓரிரண்டு பேர்தான் வளர்ந்திருந்தார்கள்.

“பெரும்பாலும் ஒரு வருஷத்தைத் தாண்டலை சார்.”



“நாளைக்கு அவங்கம்மாகிட்ட நானே பேசறேன். அதுவரைக்கும் யாரும் எதுவும் சொல்ல வேண்டாம்.”

“சரி சார்.”

அவள் வார்டுக்குப் போகிறவள் இல்லை. இத்தனை வருஷத்தில் எத்தனையோ குழந்தைகளை அவள் தகடுகளாகத்தான் அறிவாள். அன்று ஏனோ மாடியேறினாள். வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான்.

ஜன்னலோரக் கட்டிலில் தலைக்கட்டோடு உட்கார்ந்திருந்தது குழந்தை. தாய் சண்முகக்கனி இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளைக் கோட்டைக் கண்டதும் எழுந்தாள்.

“வாங்க டாக்டரம்மா. இன்னைக்கு என் கையப் பிடிக்காமலே ரெண்டு எட்டு வச்சுட்டா. வாந்தியும் நின்னுட்டு.”

கோமதி ஹெப்சிபாவைப் பார்த்து வாயை அகலத் திறந்து காட்டினாள். விழுங்கிவிட்டாளாம்.

ஹெப்சிபா சிரித்தாள். சிரிப்பு எப்படியோ வந்துவிட்டது.

“இவ அப்பா மஸ்கட்ல இருக்காவ. ஆபரேசன்னதும் இப்பவே டிக்கெட் போடுதேன்னு ஒரே அழுகை. நான்தான் வேண்டாம்னுட்டேன். கட்டியத்தான் முழுசா எடுத்துட்டாவளே! இப்ப வந்தா வேலையும் போயிரும். சித்திரையில லீவு தருவாவளாம். அப்ப வாங்க, பிள்ளைக்குக் காது குத்திரலாம்னு சொல்லிருக்கேன்.”

வெளியே ஐப்பசி மழை இறங்கியிருந்தது. ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொண்டது.

ஹெப்சிபா தலையாட்டத்தான் நினைத்தாள். நல்லதும்மா என்று சொல்லிவிட்டுத் திரும்பத்தான் நினைத்தாள்.

“சித்திரை வரைக்கும் எதுக்கும்மா? இப்பவே வரச்சொல்லுங்க.”

சண்முகக்கனியின் முகம் மலர்ந்தது.

“இப்பவே குத்தலாமா டாக்டரம்மா? தலையில புண்ணு ஆறணும்லா?”

ஹெப்சிபா கோட்டுப் பைக்குள் கைகளை விட்டுக்கொண்டாள்.

மழைச் சத்தம் வலுத்தது.

சண்முகக்கனி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்களுக்கிடையே இட்லித் துண்டு அப்படியே இருந்தது.

கோமதி “ஆ” என்றாள்.

மறுபடியும் “ஆ” என்றாள்.