லாரி வர்ற பக்கம்

“ஓரமா, பத்திரமா அவரு உக்காந்துக்குவாரு. லாரி வர்ற பக்கம் நானு. எப்டி இருக்குது பாத்தியா நாயம்?”

இருதயமேரி எதிர்வீட்டு விருத்தாம்பாளிடம்தான் சொன்னாள். ஆனால் அவள் குரலுக்கு அது செஞ்சிக் கோட்டை ராஜகிரி மலை உச்சிவரை கேட்டிருக்கும்.

விஷயம் இதுதான். மேரியின் புருஷன் காஸ்பர் பட்டாளத்தில் டிரைவராக இருந்தவர். உலக யுத்தத்துக்கு வந்த அமெரிக்காக்காரன் விட்டுவிட்டுப் போன பழைய ஜீப் ஒன்றை, அறுபத்திரண்டில் மெட்ராஸ் ஏலத்தில் எடுத்தார். அது மாடு கட்டி இழுத்துத்தான் செஞ்சி வந்து சேர்ந்தது. “காஸ்பர் வூட்டுக்குத் தேர் வருது” என்று தெருவே சிரித்தது.

இரண்டு வருஷமாக மனுஷன் கொல்லைப்புறத்திலேயே கிடந்தார். இன்ஜினைப் பிரித்துச் சாக்கில் பரப்பினார். ஓட்டை விழுந்த தரைக்குத் தகரம் வைத்து அடித்தார். மேரியின் வாய்க்குப் பயந்துதான் ஜீப்புக்கு அடியில் படுத்திருக்கிறார் என்று தெருவில் ஒரு பேச்சு.

மேரி நிறையத்தான் பேசுவாள். ஆனாலும் ஜீப் சீட்டுக்கு இலவம்பஞ்சு அடைத்துத் தைத்தது அவள்தான்.

போன வாரம்தான் வண்டிக்கு உயிர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் மகள் லில்லியின் குழந்தைக்கு ஞானஸ்நானம். சம்பந்தி வீட்டு வாசலில் சொந்த ஜீப்பில் போய் இறங்க வேண்டும் என்று மேரிக்குக் கொள்ளை ஆசை.

அந்த ஆசையில்தான் மண் விழுந்தது. அமெரிக்கா ஜீப்புக்கு ஸ்டியரிங் இடது பக்கம். கூட உட்காருகிறவர் வலது பக்கம், எதிரே வரும் லாரியை ஒட்டி உட்கார வேண்டும். ஸ்டியரிங்கை மாற்றியே ஆக வேண்டும் என்று மேரி பிடிவாதம் பிடித்தாள்.

பஸ் ஸ்டாண்டு மெக்கானிக் ராஜாராம் வேலூர் வரை போய்த் தேடி, வலது பக்கம் மாட்டுகிற ஸ்டியரிங் செட் ஒன்றைக் கொண்டுவந்தார்.

“ஒரு நாள் வேலண்ணே. மாத்திட்லாம்.”

“வேணாம் ராஜாராம். செஞ்சவன் எங்க வச்சானோ அங்கியே இருக்கட்டும்.”

“முன்னாடி போற வண்டியத் தாண்டணும்னா, எதுக்க வர்றது உங்களுக்குத் தெரியாதேண்ணே?”

“மேரி பாத்து சொல்லுவா.”

“நான் இன்னா உங்களுக்குக் கிளீனரா?” என்று கேட்டபடி மேரி வெளியே வந்தாள். “போன அமாவாசைக்கு மேல்மலையனூர் போன பிளஷர் கார லாரி ஒரசிட்டுப் போச்சே, எந்தப் பக்கம் ஒரசிச்சி? வலது பக்கந்தானே? எனக்கு இன்னா ஆனாலும் பரவால்ல. உங்களுக்கு ஒண்ணும் ஆவக்கூடாது, அதானே?”

காஸ்பர் சிரித்துவிட்டு ஜீப்புக்கு அடியில் நுழைந்துகொண்டார். ராஜாராம் செட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்.

மேரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வருஷமாகவே மனுஷன் இப்படித்தான். நாலு கேள்வி கேட்டால் ஒன்றுக்குத்தான் பதில் வருகிறது. ஜீப்போடு திமிரும் வந்து சேர்ந்துவிட்டது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் காஸ்பர் இன்ஜினை ஓடவிட்டு, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஏதோ ஸ்குரூவை முடுக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் ராஜாராம் கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்தார். மேரி கையில் பையோடு இந்தப் பக்கம் வந்து, புருஷனை ஒட்டி நின்றாள்.

“நான் அஞ்சர பஸ்ஸுக்குப் போறேன். கல்யாணமாயி இருவத்தாறு வருஷத்துல உங்கள எதுனா கேட்டிருக்கனா? பயமா இருக்குது, மாத்துங்கன்னேன். அது ஒண்ணுதான் கேட்டேன். என் உசுரு உங்களுக்கு அவ்ளோதான். இனிமே இந்த வண்டியில ஏறவும் மாட்டேன், உங்ககூட பேசவும் மாட்டேன்.”



காஸ்பர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்குரூவை முடுக்கிக்கொண்டே இருந்தார்.

மேரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள்.

ராஜாராமுக்கே பொறுக்கவில்லை. “இன்னாண்ணே நீங்க? அண்ணி அழுதுகினு போவுது. ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?”

“மேரியா? எப்ப வந்தா?”

“எப்ப வந்தாவா? இவ்ளோ நேரம் உங்க காதாண்டதானே நின்னு பேசிச்சி!”

காஸ்பரின் முகம் வெளிறிவிட்டது. குதித்து இறங்கி ஓடினார். தெரு முனையில் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். ஐம்பது வயது மனுஷன் நடுத்தெருவில் பெண்டாட்டி கையைப் பிடித்ததைப் பார்க்க விருத்தாம்பாள் வாசலுக்கே வந்துவிட்டாள்.

“கோவிச்சுக்காத மேரி. நீ பேசினது எனக்குக் கேக்கல. இந்த எடது காது பர்மாவுல குண்டு வெடிச்சப்பவே பாதி போயிடுச்சு. போன வருஷத்தோட சுத்தமா அடங்கிடுச்சு.”

மேரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. “ஒரு வருஷமா? ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா, நீ வேளாங்கண்ணிக்கு நேந்துகினு எனக்கு மொட்ட போட்டுடுவ.”

மேரிக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. ஆனாலும் விடவில்லை. “காது கேக்கலன்னா டாக்டராண்ட போவணும். அதுக்கும் ஸ்டியரிங்க மாத்தாததுக்கும் இன்னா சம்பந்தம்?”

காஸ்பர் விருத்தாம்பாளைப் பார்த்தார். கொஞ்சம் வெட்கமாக இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நான் வலது பக்கம் போயிட்டா, நீ இந்தச் செவிட்டுக் காதாண்ட உக்காருவ மேரி. அப்புறம் திண்டிவனம் போற வரைக்கும் நீ பேசறது ஒண்ணுகூட எனக்குக் கேக்காதே!”