ரத்தத்துல வருமாமே

ராகலையிலிருந்து பெண் பார்க்க வந்த கஜேந்திரனின் அம்மா, கொடுத்த தேத்தண்ணியைத் தொடாமலேயே கேட்டாள்.

“உங்கம்மா மனசு சரியில்லாம கிளினிக்குக்குப் போறாங்களாமே. அது ரத்தத்துல வருமாமே, பிள்ளை?”

தர்ஷினிக்குக் கஜேந்திரனை மிகவும் பிடித்திருந்தது. அப்பா ஆண்டியப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் முந்திக்கொண்டாள்.

“வரலாம்னுதான் டாக்டர் சொன்னாரு அத்தை. வந்தே தீரும்னு சொல்லல. வந்தா நானும் மாத்திரை போடுவேன். அம்மா மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் தினமும் இருபது கிலோ தேயிலைக் கொழுந்து எடுக்குறாங்க.”

“நாளைக்கு எம் பேரப்பிள்ளைக்கும் வந்தா?”

“உங்க வீட்டுச் சீனி வியாதியும்தான் வரும். ரெண்டையும் சேர்த்தே பார்த்துக்குவோம்.”

வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

ஆண்டியப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். “மண்சரிவுல உன்னையப் பெத்தவங்க போனப்புறம் நாங்க எடுத்து வளத்தோம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. காளியாயி ரத்தம் உனக்கு இல்லைன்னு தெரிஞ்சா சம்மதிச்சிருப்பாங்களே.”

அடுப்படியில் நிற்கும் காளியாயிக்கும் கேட்கட்டும் என்று தர்ஷினி குரலை உயர்த்தினாள்.

“எங்கம்மாவை அம்மா இல்லைன்னு சொல்லித்தான் எனக்குத் தாலி ஏறணும்னா, அது ஏறவே வேணாம்ப்பா.”