முசிறி குணசீலனின் கேள்வி

கைப்பேசியைக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு நிற்கிறார்.

ஸ்பீக்கரில் போட்டும் கேட்கலாம். காதில் வைத்தால், யாரோ கூப்பிட்டுப் பேசுகிற மாதிரி இருக்கிறது.

மகன் பேசுகிறான்.

கட்டணம் மறுபடி ஏறப்போகிறதாம். இரண்டு கம்பெனிகள் ஒரே டவரைப் பங்கு போட்டுக்கொள்ளப் போகின்றனவாம். செயற்கைக்கோளிலிருந்து நேராக வீட்டுக்கே இணையம் வருமாம். நம் ஊருக்கு அது வந்து சேர்வதற்குள் நமக்கெல்லாம் நரைத்துவிடும் என்கிறான்.

பக்கத்தில் ஒரு பெண் சிரிக்கிறாள். ரெஜினா. மகனின் மனைவி. மருமகள் என்று அவர் இன்னும் வாயால் சொல்லிப் பார்த்ததில்லை.

சனிக்கிழமைதோறும் சென்னையில் உட்கார்ந்துகொண்டு இருவரும் டெலிகாம் செய்திகளை வைத்து அரட்டை அடிக்கிறார்கள். இணையத்தில் வரும். 'டவரும் டீயும்' என்று பெயர். யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

அந்த 'யார் வேண்டுமானாலும்'தான் அவருக்கு வசதி.

எதிர்வீட்டுக் கோமதி கறிவேப்பிலை பறிக்க வந்தவள், திறந்திருந்த கதவு வழியாக எட்டிப் பார்க்கிறாள்.

"தயா தம்பிங்களா பெரியப்பா பேசுது?"

ஆமாம் என்று தலையாட்டுகிறார். அதில் பொய் இல்லை.

நான்கு வருடம் முன்பு, கல்யாணப் பத்திரிகையோடு வந்து நின்றவனிடம் சொன்னார். "இனிமே எனக்கு போன் பண்ணாத."

சொன்னதைக் கேட்கிற பிள்ளையாக வளர்த்திருந்தார். அவன் பண்ணவே இல்லை.

இவராவது பண்ணியிருக்கலாம். துறையூர் பஸ் ஸ்டாண்டில் முப்பது வருடம் டைம் கீப்பர். ஐந்து நிமிடம் தாமதமாக வண்டி எடுத்த டிரைவரை நிற்கவைத்துக் கேள்வி கேட்டவர். நான்கு வருடத் தாமதத்தோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுவது?

வீம்பு. அதற்கு வேறு பெயர் கிடையாது.

புதிதாக ஒரு சிம் வாங்கினார். அதிலிருந்து நிகழ்ச்சிக்குக் கேள்வி எழுதி அனுப்பினார். பெயர், முசிறி குணசீலன்.

முதல் கேள்வி அரைகுறைக் கேள்வி. 4ஜிக்கும் 5ஜிக்கும் என்ன வித்தியாசம்? ரெஜினா சிரிக்காமல் படித்தாள். மகன் நிதானமாக விளக்கினான். சாலையை அகலப்படுத்தினால் எத்தனை பஸ் போகும் என்று உதாரணம் சொன்னான்.

"புரியலைன்னா திரும்பக் கேளுங்க சார். தப்பே இல்ல."

சின்ன வயதில் அவன் எதையாவது கேட்டால், "போய்ப் படிக்கிற வேலையப் பாரு" என்பார். அது ஞாபகம் வந்து அன்றைக்கு அழுதார்.

பிறகு வாராவாரம் கேட்டார். கேட்பதற்காகவே படித்தார். அலைக்கற்றை, ஏலம், தரைக்கடியில் போகிற கேபிள். செய்தித்தாளில் வணிகப் பக்கத்தைத்தான் முதலில் பிரித்தார். ஒரே வீட்டில் இருபத்தாறு வருடம் இருந்து மகனோடு பேசியதைவிட, குணசீலனாக ஏழு மாதத்தில் அதிகம் பேசிவிட்டார்.

"நம்ம குணசீலன் சார்" என்று ரெஜினா சொல்ல ஆரம்பித்தாள்.

குணசீலன் மேல் அவருக்குப் பொறாமையாக இருந்தது.

இந்த வாரம் காய்ச்சல். எதையும் படிக்கவில்லை. கேள்வி அனுப்பாமல் விட மனசு வரவில்லை. தோன்றியதை எழுதி அனுப்பிவிட்டார்.

ரெஜினா இப்போது அதைப் படிக்கிறாள்.

"நம்ம குணசீலன் சார் கேக்கறாரு. வீட்டுக்குள்ள எங்கயும் சிக்னல் கிடைக்கலையாம். மாடிப்படியில மூணாவது படியில நின்னா மட்டும் கிடைக்குதாம். ஏன் அப்படி?"

அனுப்பும்போது அவருக்கு உறைக்கவில்லை. இப்போது அவர் நிற்கிற இதே மூன்றாவது படியில்தான் கல்லூரி நாட்களில் மகன் மணிக்கணக்கில் போனும் கையுமாக நிற்பான்.

மகன் பதில் சொல்லவில்லை.

கைப்பேசியை எடுத்துப் பார்க்கிறார். ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மறுபடி காதில் வைக்கிறார்.

ஒன்பது வினாடி. மணி பார்த்தே காலம் தள்ளியவர், அவருக்குத் தப்பாது.

பதிவு செய்து வெளியிடுகிற நிகழ்ச்சி. அந்த ஒன்பது வினாடியை வெட்டியிருக்கலாம். வெட்டவில்லை.

"சுவர் கனமா இருந்தா அலை உள்ள வராது சார்." குரல் இறங்கியிருக்கிறது. "எங்கயாவது ஒரு ஜன்னல் டவருக்கு நேரா இருக்கும். அந்த வழியா கொஞ்சம் வருது. அவ்வளவுதான்."

ரெஜினா அடுத்த செய்திக்குப் போகப் பார்க்கிறாள்.

"இரு," என்கிறான் மகன்.

"சார், அங்க பாத்து நில்லுங்க. அந்தப் படிக்கட்டுக்குக் கைப்பிடி கிடையாது."

கைப்பிடியைப் பற்றி அவர் எழுதவே இல்லை.

எப்படித் தெரியும் என்று ரெஜினாவும் கேட்கவில்லை.

ஏதோ ஒரு கம்பெனியில் ஆட்குறைப்பாம். பேச்சு போய்க்கொண்டிருக்கிறது. அவருக்கு ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை. நிறுத்திவிடுகிறார்.

வீடு சத்தமில்லாமல் இருக்கிறது. கோமதி எப்போதோ போய்விட்டாள்.

மகனின் எண்ணைத் தேடி எடுக்கிறார். நிகழ்ச்சியின் எண் இல்லை, அவனுடைய சொந்த எண். குணசீலனின் சிம்மிலிருந்து இல்லை, தன்னுடைய சிம்மிலிருந்து. எழுதுகிறார். அழிக்கிறார். திரும்ப எழுதுகிறார்.

'ரெண்டு பேரும் எப்ப வர்றீங்க?'

அனுப்பிவிடுகிறார்.

ஒரு டிக் விழுகிறது.

இரண்டாவதுக்காக நிற்கிறார்.