ஊதாமல் ஓடும்

மறுபடியும் கேம் காசெட்டைச் செருகினான்.

மறுபடியும் சாம்பல் திரை.

பத்து மணிக்கு லைவ். அதற்குள் இது ஓடியாக வேண்டும்.

ஊதாமல்.

ஓசூரின் மார்கழிக் காலை. ஜன்னலை மூடியும் விரல் நுனிகள் சில்லிட்டிருந்தன. சட்டைக் கையால் காசெட்டைத் துடைத்துவிட்டு வெறித்துப் பார்த்தான்.

பழைய டிவி கேம் பைத்தியங்களுக்கென்று ஓர் இணையக் குழு. அங்கே அவன்தான் விளக்குகிறவன். திரையில் பறக்கும் வாத்தைப் பிளாஸ்டிக் துப்பாக்கி எப்படிக் கண்டுகொள்கிறது? பொத்தானை விட்ட பிறகும் கார் ஏன் கொஞ்ச தூரம் வழுக்குகிறது? படம் போட்டு, அம்புக்குறி இட்டு, கேட்காதவர்களுக்கும் சேர்த்து விளக்குவான். விளக்கி முடித்ததும் விளங்காதவர்களை வறுத்தெடுப்பான்.

அதிகம் வறுபட்டவர்கள், ஊதுகிறவர்கள்.

காசெட் ஓடாவிட்டால் வெளியே எடுத்து, அடியில் 'பூ' என்று ஊதித் திரும்பச் செருகும் கூட்டம். பத்து வயதில் செய்ததை மன்னிக்கலாம். இப்போது தலை வழுக்கையாகி, பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிய பிறகும், ஊதினால்தான் ஓடும் என்று வாதாடுகிறார்கள்.

அவர்களுக்காகப் பொறுமையாகத்தான் எழுதினான். காசெட்டின் அடியில் செப்புப் பட்டைகள் இருக்கின்றன. பெட்டிக்குள் இருக்கும் கம்பிகள் அவற்றைக் கவ்வ வேண்டும். எடுத்துச் செருகும்போது பட்டையும் கம்பியும் உரசுகின்றன. கறை கொஞ்சம் உதிர்கிறது, பிடி விழுகிறது, கேம் ஓடுகிறது. உரசல் செய்த வேலைக்கு மூச்சு பேர் வாங்கிக்கொள்கிறது. மூச்சில் இருப்பது ஈரம். ஈரம் செம்பைத் தின்னும்.

கடைசியில் ஒரு வரி சேர்த்தான்: 'மந்திரிக்கிறதா இருந்தா வேப்பிலையும் வச்சுக்குங்க.'

குழு சிரித்தது.

ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. பல்லடத்திலிருந்து இடிச்சபுளி என்ற பெயரில் எழுதுகிறவள்.

'எங்க வீட்ல ஊதுனாத்தான் ஓடுதுங்ணா. ஏன்னு தெரியல. ஓடுது.'

ஏன் என்று தெரியவில்லையாம்.

தெரியாததைப் பதக்கம் போலக் குத்திக்கொண்டு அலைகிற ஜென்மங்கள்.

'தெரியலன்னா தெரிஞ்சுக்கணும் தங்கச்சி. ஊதிக்கிட்டே உக்காந்திருக்கக் கூடாது.'

'அப்ப லைவ்ல காட்டுங்ணா. ஊதாம.'

மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். குழுவில் ஒரு வழக்கம் உண்டு. பந்தயத்தில் தோற்றவர் ஒரு வருடத்துக்குக் கத்திரிக்காயை முகப்புப் படமாக வைக்க வேண்டும். இணையத்தில் சுட்ட படம் செல்லாது. சொந்த வீட்டுக் கத்திரிக்காய், சொந்தக் கையில். அதற்குப் பிறகு அவர் என்ன எழுதினாலும் ஒரே பதில்தான்: 'வாங்க சாம்பார்.'

அவன் பல பேரைச் சாம்பாராக்கியிருக்கிறான். கொஞ்ச நாளில் அவர்கள் எழுதுவதையே நிறுத்திவிடுவார்கள்.

அவனால் நிறுத்த முடியாது. அலுவலகத்தில் அவன் வாயைத் திறந்தாலே எதிரே இருப்பவன் காதில் ஹெட்போன் ஏறும். வீட்டில் பாதி விளக்கத்தில் குக்கர் கூப்பிட்டுவிடும். அவன் சொல்வதைக் கடைசிவரை கேட்பது அந்த முட்டாள்கள் மட்டும்தான்.

பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துப் பட்டைகளைத் துடைத்தான். காயவிட்டான். செருகினான்.

சாம்பல்.

துவைத்த துணிகளோடு அறையைக் கடந்த மனைவி நின்றாள்.

"ஊதிப் பாத்தீங்களா?"

அவன் பார்த்த பார்வையில் துணிகளை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

எழுந்து கதவைச் சாத்தினான்.

ஊதினான்.

செருகியதும் டொய்ங் என்று இசை கிளம்பியது. கார்கள் வரிசையில் நின்றன.

உரசல்தான். இந்த முறை பிடி சரியாக விழுந்திருக்கிறது. அவனுக்குத் தெரியாதா?

ஆனால் லைவில் அவர்கள் கண்ணெதிரே செருகிக் காட்ட வேண்டும். காசெட்டை வெளியே எடுத்தான். ஸ்டாண்டில் நின்ற போனின் சிவப்புப் பொத்தான் மேல் விரலை வைத்தான்.

விரலை எடுத்தான்.

இன்னொரு முறை ஊதினான். அடிவயிற்றிலிருந்து. உடனே பொத்தானை அழுத்தினான்.

"வணக்கம் மக்களே. காசெட் என் கையில இருக்கு. ஊதல. நல்லாப் பாத்துக்குங்க."

செருகினான்.

ஓடியது.

'தலைவா!'

'புளி, கெளம்பு மார்க்கெட்டுக்கு.'

'பெரிய கத்திரிக்காயா பாத்து எடும்மா.'

சற்று நேரத்தில் இடிச்சபுளியின் முகப்புப் படம் மாறியது. கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை. அதில் காம்போரம் சொத்தை விழுந்த கத்திரிக்காய்.

அவன் நிமிர்ந்து உட்கார்ந்து எழுத ஆரம்பித்தான். 'இப்பவாவது ஏன்னு தெரிஞ்சுதா? கடைசியா ஒரு தடவை வெளக்குறேன்...'

பாதியில் ஒரு தனிச் செய்தி வந்தது. அவளிடமிருந்து.

அவனுடைய லைவின் முதல் நொடியை நிறுத்தி எடுத்த படம். அவன் கையில் காசெட். கறுத்துப் பளபளக்கும் பிளாஸ்டிக்கின் கீழ் விளிம்பில், குளிரில் பூத்த வெள்ளை ஆவி. ஒரு வாய் அளவுக்கு.

கீழே ஒரு வரி.

'குழுல போட மாட்டேங்ணா. நீங்க எழுதறத நிறுத்திட்டா எங்களுக்குப் படிக்க என்ன இருக்கு?'

படத்தைப் பெரிதாக்கினான். குளிர்ந்த பிளாஸ்டிக்கில் மூச்சு ஏன் வெள்ளையாகப் பூக்கிறது, எவ்வளவு நேரம் நிற்கும், எந்த ஓரத்திலிருந்து மறையத் தொடங்கும், எல்லாம் அவனுக்குத் தெரியும்.

எழுதிக்கொண்டிருந்ததை அழித்தான்.

கதவைத் திறந்து சமையலறைக்குப் போனான். மனைவி திரும்பவில்லை.

"வீட்ல கத்திரிக்காய் இருக்கா?"