ஆமைச் சத்திரம்

ஆற்றங்கரையில் இருக்கும் பழைய சத்திரத்துக்கு ஆமைச் சத்திரம் என்று பெயர் என்பதைக் கொக்கு சொல்லித்தான் ஆமை கேள்விப்பட்டது. அதற்குத் தலைகால் புரியவில்லை. "எங்க முப்பாட்டன் யாரோ வெள்ளத்துல மனுஷங்களை முதுகில ஏத்திக் கரைசேர்த்திருப்பார். இல்லேன்னா சும்மா பேர் வைப்பாங்களா?" என்று கண்ட மீனிடமெல்லாம் சொல்லிக்கொண்டு அன்றைக்கே கிளம்பிவிட்டது.

எட்டாம் நாள் காலையில் சத்திரத்து வாசலில் போய் நின்றது. சுவரில் இருந்த பல்லியைப் பார்த்து, "அண்ணே, எங்க முப்பாட்டன் கதையைச் சொல்லுங்க!" என்று மூச்சு வாங்கக் கேட்டது.

பல்லிக்குச் சங்கடமாகிவிட்டது. "உங்க ஆளுங்க யாரும் இந்தப் பக்கம் வந்ததே இல்லை, தம்பி. இதைக் கட்டி முடிக்க முப்பது வருஷம் ஆச்சு. படகில போறவங்க அதைப் பார்த்துச் சிரிச்சு வெச்ச கேலிப் பேர் அது. அப்படியே நிலைச்சுப்போச்சு."

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. அழுகிறதோ என்று பல்லி பதறிப்போய்க் கீழே இறங்கி எட்டிப் பார்த்தது.

சட்டென்று தலை வெளியே வந்தது. கண்கள் இரண்டும் மின்னின.

"இவ்வளவு பெரிய சத்திரம் வெறும் முப்பது வருஷத்துலயா! அந்த வேகத்தைப் பார்த்துத்தான் எங்க பேரை வெச்சிருக்காங்க!" என்று கூவிக்கொண்டே, கொக்கிடம் சொல்ல விறுவிறுவென்று திரும்பி நடந்தது.