அரம் கடித்தால்

தகரக் கூரையின் ஓட்டை வழியாக விழும் மதிய வெயில், பிரித்துப்போட்ட எஞ்சின் மேல் நிற்கிறது. என் கணவர் கடைசியாக ஓட்டிய வண்டி. டேப்பெட் தேய்ந்து வண்டி நடுரோட்டில் நின்றதால்தான் லாரி மோதியது என்கிறான் எஞ்சினை மறைத்து நிற்கும் கொழுந்தன். வால்வைத் தூக்கும் அந்தச் சின்ன இரும்பு, விபத்துக்கு முன்பு மாற்றியபோது, கம்பெனியிலிருந்து வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். வெளிக்கடையில் வாங்கி வந்தவள் நான். மெக்கானிக் இரண்டு டேப்பெட்டையும் மண்ணெண்ணெயில் கழுவித் துணியில் வைக்கிறார். "தம்பி, தள்ளி நில்லுங்க. வெளிச்சம் மறைக்குது. உங்க வழியா பார்த்து வேலை செய்ய நீங்க என்ன கண்ணாடியா?" "லோக்கல் சரக்குன்னு வாயால சொல்லுங்கண்ணே. அண்ணி காதுல விழட்டும்" என்கிறான் கொழுந்தன். "அரம் சொல்லட்டும். கடிச்சா மட்டமான இரும்பு, வழுக்கினா நல்ல இரும்பு."

முதல் டேப்பெட்டின் அடிமுகத்தில் அரத்தை வைத்து இழுக்கிறார். வழுக்குகிறது. இரண்டாவதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். முந்தானை நுனி என் விரலில் இறுகி, நகம் வெளுக்கிறது. அரம் கீச்சென்று நழுவுகிறது. "தேயவே இல்லக்கா. இதால வண்டி நின்னிருக்காது. இன்னும் பத்து வருஷம் ஓடும்" என்கிறார் என்னிடம்.

கொழுந்தன் அரத்தைப் பிடுங்கித் தானே இழுக்கிறான். வழுக்குகிறது. இன்னும் அழுத்தி இழுக்கிறான். விபத்து நடந்த அன்று மூன்று முறை அவருக்குப் போன் செய்து, "எவ்வளவு நேரம்ண்ணா, சீக்கிரம் வா" என்று விரட்டியவன் அவன். கட்டைவிரலில் ரத்தம் கசிகிறது. "போதும்ப்பா" என்று நான் அவன் மணிக்கட்டைப் பிடித்த பிறகும் அரம் நகர்ந்துகொண்டே இருக்கிறது.