வம்புக்காரி வீட்டு போன்

"பத்து மணி வரைக்கும் என் லைன்ல யாரும் கை வைக்கக் கூடாது. அப்புறம் எங்க கேட்டாலும் கையெழுத்துப் போடுறேன்."

மாடி ஜன்னலில் நின்று சொன்னாள் வம்புக்காரி. அவளுக்கும் பெற்றவர்கள் ஒரு பேர் வைத்துத்தான் இருப்பார்கள். தெருவுக்கு அவள் வம்புக்காரிதான்.

கீழே நின்ற லைன்மேனுக்குப் பொறுமை போய்விட்டது. நாடு முழுக்க வீட்டுக்கு வீடு பிராட்பேண்ட் என்று மேலிடத்து உத்தரவு. ஊர் ஊராகக் கேபிள் இழுத்து வந்தவன், மூன்று நாளாக இந்தத் தெருவில் மாட்டிக்கொண்டான்.

மண்ணுக்கடியில் இருப்பது ஒரே குழாய். பழைய போன் கம்பியை உருவினால்தான் புதுக் கேபிள் உள்ளே போகும். மற்ற வீடுகளில் பழைய போனை எப்போதோ தலைமுழுகிவிட்டார்கள். உயிரோடு இருப்பது இவளுடையது ஒன்றுதான். அதை வெட்ட இவள் கையெழுத்து வேண்டும்.

"அம்மா, மத்தியானம் எங்க லாரி அடுத்த ஊருக்குக் கிளம்பிடும். விட்டா இந்தத் தெருவுக்கு அடுத்த வருஷம்தான். புது நம்பர் எழுதின சீட்டையும் அன்னிக்கே கொடுத்துட்டேன். ஞாயித்துக்கிழமை, ஞாயித்துக்கிழமைன்னீங்க. இன்னிக்கு ஞாயிறும் வந்தாச்சு. இப்பப் பத்து மணிங்கறீங்க. பத்தானா சாயங்காலம்பீங்க."

அவள் ஜன்னலைப் படீரென்று சாத்திக்கொண்டாள்.

எதிர்வீட்டுத் தையல்கார அக்கா கழுத்தில் டேப்போடு வெளியே வந்தாள்.

"அவகிட்டப் போய் என்ன தம்பி கெஞ்சிக்கிட்டு? வெட்டுங்க. என்ன வந்தாலும் நான் பார்த்துக்கறேன்." அப்புறம் குரல் இறங்கியது. "என் பையன் அவன் அப்பாகிட்ட அடி வாங்கிட்டு வீட்டை விட்டுப் போய் மூணு வருஷம் ஆச்சு. இருக்கானா இல்லையான்னே தெரியலை. நெட் வந்தா அவன் போட்டோவைப் போடலாம், எந்த மூலையில இருந்தாலும் யாராவது பார்த்துச் சொல்வாங்கங்கறாங்க. அதுக்கும் இவ குறுக்க நிக்கறா. இவளுக்கு நான் என்ன பாவம் பண்ணேன்?"

லைன்மேன் மாடி ஜன்னலை அண்ணாந்து முறைத்தான். இவளெல்லாம் ஒரு மனுஷியா? கையெழுத்தும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். கட்டரை எடுத்துக்கொண்டு, போன் கம்பிகள் வந்து சேரும் தெருமுனைப் பெட்டிக்குப் போனான். துருப்பிடித்த மூடியோடு மல்லுக்கட்டித் திறப்பதற்குள் மணி பத்தாகிவிட்டது.

வெட்டுவதற்கு முன்னால் டெஸ்ட் போனை மாட்டி ஒரு தரம் கேட்டுவிட வேண்டும். யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது வெட்டக் கூடாது என்பது லைன்மேன்களுக்குள் ஒரு வழக்கம். இருபது வருஷப் பழக்கத்தில் கை தானாக மாட்டியது.

லைனில் ஆள் இருந்தது.

"நம்பரை எழுதிக்கிட்டியா? எங்க, திருப்பிச் சொல்லு." வம்புக்காரியின் குரல்தான். "இந்த நம்பர் இன்னியோட போயிடும். நீ ஊருக்கு ஊர் யார் யார் போன்லயோ கூப்பிடறவன். உன்னை நான் எங்கன்னு போய்த் தேடுவேன்? அதுக்குத்தான் மூணு நாளா தெருவே காறித் துப்ப நின்னேன்."

"எழுதிக்கிட்டேன் அத்தை." வாலிபக் குரல். "எங்கம்மா எப்படி இருக்காங்க?"

"நீயே வந்து பாருடா. எதிர்வீட்டுல இருக்கறவகிட்ட ஒரு வார்த்தை சொன்னாக்கூட அதோட போனையே நிறுத்திடுவேன்னு சத்தியம் வாங்கி வச்சிருக்கே. மாசாமாசம் முதல் ஞாயிறு பத்து மணிக்கு உனக்காக அவளை வம்புக்கு இழுத்து இழுத்து, தெருவுல எனக்கு என்ன பேர் தெரியுமா? சரி, இரு."

அடுத்தவர் பேச்சைக் கேட்பது தப்பு. லைன்மேனுக்குத் தெரியும். ஆனாலும் போனைக் காதிலிருந்து எடுக்க முடியவில்லை.

ஜன்னல் முழுசாகத் திறந்தது. ரிசீவர் திரைக்குப் பின்னால் இருந்திருக்க வேண்டும்.

"ஏ தையல்காரி, நீ தைச்ச சட்டையைப் போட்டா ஒரு கை மணிக்கட்டுல நிக்குது, ஒரு கை முழங்கையில நிக்குது. இதுக்கு ஒரு கடை வேற."

தையல்கார அக்கா சும்மா விடுவாளா? இடுப்பில் கையை வைத்து ஆரம்பித்துவிட்டாள்.

"உன் நாக்கு அழுகிப்போகும்டி. நீ ஒண்ணைப் பெத்துத் தொலைச்சிருந்தா தெரியும் என் வேதனை. ராத்திரி சோறு இறங்குதா எனக்கு? அவன் தட்டை எடுத்து வச்சுட்டு உக்காந்திருக்கேன். என்கிட்ட வந்து சட்டையைப் பத்திப் பேசறே..."

லைன்மேனின் ஒரு காதில் அது தெருவிலிருந்து விழுந்தது. மறு காதில் போனிலிருந்து. போனின் அந்தக் கோடியில் பையன் விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தான்.

"போதுமாடா?" வம்புக்காரி ரிசீவரில் மெதுவாகக் கேட்டாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் திட்ட விடுங்க அத்தை."